கேட்கத் தெரிந்த ஒருவர்: ஆயிர மசலாவின் இபுனு சலாமும் நமது மறதியும்

இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது ஆயிர மசலா. அதிசய புராணம் என்றும் அதற்கொரு பெயர் உண்டு. பாடியவர் வண்ணப்பரிமளப் புலவர். அரங்கேறியது 1572இல், மதுரையில். பேராசிரியர் ம.மு. உவைஸ் தொடக்கம் இத்துறையில் பேனா பிடித்த அனைவரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மாநாட்டு மலர்களில் இத்தகவல் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. ஆனால் இத்தகவலின் உள்ளேயே இருக்கும் மற்றொன்றை நாம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம். நமது மூத்த நூலில் முதல் வினாவிலிருந்து கடைசி வினா வரை வாய் திறந்து கேட்பவர் ஒரு யூதர். சாதாரண யூதரும் அல்லர். தவ்றாத்தைக் கரைத்துக் குடித்த மார்க்க அறிஞர். யூதர்கள் 'ரப்பி' என்று மரியாதையோடு அழைக்கும் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) கேட்ட வினாக்களும் அவற்றுக்கு அவர்கள் பகர்ந்த விடைகளுமே நூல். தமிழில் அவர் இபுனு சலாம் ஆகிறார். 'மஸ்அலா' என்ற அறபுச் சொல் மசலாவாகி, பெயரைச் சொன்னதும் நமது வீடுகளில் குசினி வாசத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறது. அது வேறு விடயம். இக்கதை அறபில் 10ஆம் நூற்றாண்டளவிலேயே வழங்கிவந்தது. 1143இல் லத்தீனுக்குப் போயிற்று. அங்கு அதைப் பெயர்த்தவர்கள் இஸ்லாத்தை மறுப்பதற்கு ஆயுதம் தேடியவர்கள். கிழக்கே வந்தபோது அதன் கதி வேறாயிற்று. மலாயில் ஆயிரம் மசலாக்களின் ஹிக்காயத் ஆனது. ஜாவாவில் அந்த யூத அறிஞர் 'சமுத்' என்ற பெயரில் உலவினார். ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட ஆய்வு நூல் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை அருகருகே வைத்துப் பேசுகிறது. நமது நூலைப் பற்றி நம்மை விட அதிகம் கவலைப்பட்டவர் ஓர் அயலார் என்பதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த நூலை இன்று இரண்டு தரப்பினர் இரண்டு காரணங்களுக்காக ஒதுக்குகிறார்கள். முதல் தரப்புக்கு இது இஸ்ராயீலிய்யாத். ஆதாரபூர்வமான ஹதீஸ்களில் இல்லாத வர்ணனைகள் மலிந்தது, ஆகவே வாசிக்க வேண்டியதில்லை. மற்றத் தரப்புக்கு இதிலுள்ள யூதர் உறுத்துகிறார். அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்து மார்க்கச் சட்டம் எடுப்பது ஆலிம்களின் வேலை; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 450 வருடங்களுக்கு முன்பு ஒரு முஸ்லிம் புலவர் தமிழில் முதன்முதலாக ஒரு பெருநூலை எடுத்துப் பாட உட்கார்ந்தபோது, ஏன் இந்தக் கதையைத் தேர்ந்தார் என்பது இலக்கியக் கேள்வி. அதற்கு இலக்கியத்திலிருந்துதான் பதில் வரவேண்டும்.

எனக்குத் தோன்றும் பதில் இது. வண்ணப்பரிமளப் புலவரின் அவையில் இருந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்களாக இருந்திருக்க முடியாது. தமிழில் வினா விடை என்பது பழைய வழக்கம். புதியதொரு மார்க்கத்தின் படைப்பு வரலாறு, வானுலகங்கள், சுவர்க்கம், நரகம், ஆதம் ஹவ்வா கதை, மறுமை நாள் ஆகியவற்றையெல்லாம் அந்த அவைக்குச் சொல்ல வேண்டுமென்றால், சொல்பவரை விடக் கேட்பவர் முக்கியம். அவர் அறியாதவராக இருந்தால் விடைக்குப் பெறுமதி இல்லை. எதிரியாக மட்டும் இருந்தால் உரையாடல் சண்டையாக முடியும். கற்றவராகவும் ஐயம் உடையவராகவும், ஒப்புக்கொள்ள மனம் உள்ளவராகவும் ஒருவர் தேவை. மசலா மரபு அந்த ஒருவரை யூத அறிஞரிடம் கண்டது. விடைகளின் கனத்தை நிறுத்துக் காட்டுகிற தராசு அவருடைய கல்விதான். அவரைச் சின்னவராக்கினால் நூல் சின்னதாகிவிடும். புலவருக்கு இது தெரிந்திருந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். இபுனு சலாம் நூல் முழுக்க இருக்கிறார், ஆனால் அவருக்கு முகம் இல்லை. எங்கே படித்தார், யாரிடம் படித்தார், வீட்டில் யார் யார், எதை இழந்துவிட்டு இந்தச் சபைக்கு வந்தார் என்பதெல்லாம் புலவருக்குப் பொருட்டில்லை. கேள்விகளை இட்டு நிரப்பிய ஒரு சாக்குப் போல அவர் அவிழ்க்கப்படுகிறார். ஒவ்வொரு விடைக்கும் ஆமென்று தலையசைக்கிறார். கலிமாச் சொன்னதும் அவருடைய கதை முடிந்துவிடுகிறது. ஈமான் கொண்ட பிறகு அவருக்குக் கேள்விகள் எதுவுமே எழவில்லையா? நூல் அதைக் கேட்பதில்லை. விடைகள் வர்ணனையாக விரியும் இடங்களில் புலவரின் கை நன்றாக ஓடுகிறது. கேட்பவரின் மனத்துக்குள் போக வேண்டிய இடங்களில் நின்றுவிடுகிறது.

இதே மனிதரை ஸஹீஹுல் புகாரியில் சந்தியுங்கள். அங்கே ஆயிரம் வினாக்கள் இல்லை, மூன்றுதான்: மறுமை நாளின் முதல் அடையாளம் எது, சுவர்க்கவாசிகளின் முதல் உணவு எது, பிள்ளை சிலவேளை தகப்பனையும் சிலவேளை தாயையும் உரித்து வைத்திருப்பது எதனால். மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இறுதி நாளையும் சுவர்க்கத்தையும் கேட்ட வாயால் வீட்டுக்குள் தவழும் குழந்தையைப் பற்றியும் கேட்கிறார். பிறகு அவர் ஒளிந்துகொள்ள, நபியவர்கள் யூதர்களை அழைத்து அவரைப் பற்றி விசாரிக்கிறார்கள். எங்களில் சிறந்தவர், சிறந்தவரின் மகன் என்று சாட்சி சொல்கிறார்கள். அவர் கலிமாவோடு வெளியே வந்ததும் அதே வாய்கள் எங்களில் கெட்டவர், கெட்டவரின் மகன் என்கின்றன. ஒரு நாடகத்துக்குரிய காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இப்னு இஸ்ஹாக் தரும் சித்திரம் இன்னும் கிட்டத்தில் போகிறது. நபியவர்கள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி எட்டும்போது இவர் ஈத்த மரத்தின் உச்சியில் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறார், கீழே மாமி காலிதா உட்கார்ந்திருக்கிறார். மரத்திலிருந்தே இவர் தக்பீர் முழங்க, மூஸா நபியே வந்திருந்தாலும் இவ்வளவு ஆரவாரம் செய்திருக்கமாட்டாய் என்று மாமி சொல்கிறார். மரம் ஏறிய ரப்பி, கீழே வாய்த் துடுக்குள்ள ஒரு மாமி! இந்த மனிதரை ஏன் நமது புலவர் மதுரைக்குக் கூட்டி வரவில்லை என்று ஏங்க வைக்கிறது அந்தக் காட்சி.

கேள்வி கேட்பது இபுனு சலாமின் சொந்தக் குணம் மட்டுமல்ல, அவர் வளர்ந்த மரபின் குணம். யூத ஞானிகளின் வாழ்க்கைக் கதைகளில் கேள்வி எல்லா இடத்திலும் நிற்கிறது. ஈஸா நபிக்குச் சற்று முந்திய காலத்தவர் ஹில்லேல். கூலிக்கு உழைத்த ஏழை. பாடசாலைக் காவலாளிக்குக் கொடுக்கக் காசு இல்லாத ஒரு நாளில், கூரையில் ஏறி வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பில் காதை வைத்துப் பாடம் கேட்டார் என்றும், பனி மூடி விறைத்துக் கிடந்தவரை விடிந்த பின்பு ஆசான்கள் கண்டெடுத்தார்கள் என்றும் தல்மூத் சொல்கிறது. ஓதுவதற்காக ஊர் விட்டு ஊர் போய்ப் பட்டினி கிடந்த நமது ஆலிம்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. ஒற்றைக் காலில் நான் நிற்கும் நேரத்துக்குள் தவ்றாத் முழுவதையும் கற்றுத்தா என்று கேலியாக வந்த ஒருவனைக் கண்டிப்பான ஷம்மாய் கோலால் துரத்தினார். ஹில்லேலோ உனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாதே என்ற கருத்தைச் சொல்லி, மற்றதெல்லாம் இதன் விளக்கம், போய்ப் படி என்றார். இன்னொருவர் அகீவா. நாற்பது வயது வரை எழுத்தறியாத இடையர். நீர் விழுந்து விழுந்து கல் குடையப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்கினார் என்பது கதை. உரோமரின் கையில் சித்திரவதைப்பட்டு உயிரிழந்தார்.

இவர்களுடைய பிரதிகளில் நான் கவனித்த ஒன்று, தோற்ற கருத்தும் அழிக்கப்படுவதில்லை என்பதுதான். ஹில்லேலின் வழியினர் சொன்னதும் ஷம்மாயின் வழியினர் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கூற்று, புதிய கூற்று என்று இரண்டையும் பாதுகாத்து வைத்திருக்கும் நமக்கு இந்த ஒழுங்கு தெரிந்ததுதான். மசலா மரபின் அறபு, மலாய் வடிவங்களில் எண் விடுகதைகள் வருகின்றன. இரண்டாகாத ஒன்று எது, மூன்றாகாத இரண்டு எது என்று போகும். யூதர்களின் பஸ்கா இரவில் பிள்ளைகளோடு பாடும் ஒரு பாட்டும் இதே மாதிரி ஒன்று யாருக்குத் தெரியும் எனத் தொடங்கிப் பதின்மூன்று வரை எண்ணிக்கொண்டு போகிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது அச்சேறியது. எது எதிலிருந்து வந்தது என்று நிறுவ நான் வரவில்லை. எண்ணை வைத்து ஏக இறைவனைச் சொல்லிக்கொடுக்கும் வழி இரு வீட்டிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மசலா வடிவம் நம்மிடம் செத்துவிடவில்லை, மெலிந்துவிட்டது. பத்திரிகைகளின் மார்க்கக் கேள்வி பதில் பகுதியைப் பாருங்கள். கேட்பவர் ஒரு பெயரும் ஊரும் மட்டும். அவருக்கு மறு கேள்வி கிடையாது. எங்கள் கொத்மலையில் சமூக வானொலி இணையத்தைக் கொண்டுவந்த 1999 காலத்தில், நேயர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் தேடி எடுத்து ஒலிபரப்பில் விடை சொன்னார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. கேட்பவருக்கு மதிப்புக் கொடுத்த ஏற்பாடு என்பதால்தான் அது பேசப்பட்டது என்பது என் எண்ணம்.

கொத்மலை என்றதும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் நடந்த வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயிர மசலாவை எடுத்துப் பேசிய நாளில் ஒரு இளைஞர் எழும்பினார்.

"சேர், காஸாவில புள்ளைகள் சாகுற நேரத்தில நாங்க யூத அறிஞர்ர பெருமைய இருந்து பேசோணுமா?" என்றார்.

கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவருக்குப் பதில் சொன்னவர் நானல்ல, தோட்டத்தில் கிளாக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

"தம்பி, அப்துல்லாஹ் இப்னு ஸலாம் ஸஹாபி. அவர்ர கேள்விய வாசிக்கிறதுக்கு யாருட்ட அனுமதி கேக்கணும்?" என்றுவிட்டுப் புசல்லாவைப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த மலையில யூதன் எண்டு நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தத் தோட்டத்துப் பேர் மட்டுந்தான்."

அவர் சொன்னது றொத்சைல்ட் தோட்டத்தை. கொத்மலைக்கு அடுத்த புசல்லாவையில் இருக்கிறது. மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற யூத சகோதரர்கள் 1840களில் அங்கு கோப்பி பயிரிட்டார்கள். 1841இல் சீனத்துத் தேயிலைச் செடிகளையும் நட்டுப் பார்த்தார்கள். இவர்களுடைய தாய் பிராங்பர்ட் நகரத்து மேயர் அம்ஷெல் றொத்சைல்டின் மகள். ஆகத் தாய் வழிப் பாட்டனின் பெயர்தான் தோட்டத்தின் பெயர். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்துவந்த தமிழ்க் கூலிகளின் உழைப்பில் எழுந்த காலம் அது. அந்தப் பெரியவர் சொன்னதன் கருத்தை நான் இப்படி விளங்கிக்கொண்டேன்: முதலாளியாக ஒரு யூதர், செய்தியில் படையினராக ஒரு யூதர் என்ற இரண்டு முகங்களே நம் முன் இருக்கின்றன. படித்தவராக, கேட்பவராக இருந்த மூன்றாவது முகம் நமது சொந்த நூலிலேயே இருக்க, அதைப் பார்க்காமல் இருக்கிறோம். பலஸ்தீன மண்ணில் நடக்கும் அநியாயத்தை எதிர்க்க அந்த முகத்தை மறக்க வேண்டிய தேவை இல்லை. 1967 போருக்குப் பிறகு, பிடித்த நிலங்களை விட்டு வெளியேறு, இன்னொரு மக்களை ஆளுவது உன்னையே அழுக வைக்கும் என்று இஸ்ரேலுக்குள்ளேயே நின்று 1994இல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த யெஷாயாஹு லைபோவிட்ஸ் சமயம் தவறாத யூதர், பெரிய அறிஞர். அவரும் அந்தக் கேள்வி மரபின் பிள்ளைதான்.

நமக்கு இன்னும் நெருங்கியவர் மூஸா இப்னு மைமூன், ஐரோப்பியர் மைமோனிடிஸ் என்று சொல்பவர். 12ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் பிறந்தார். முவஹ்ஹிதீன்களின் நெருக்குதலால் குடும்பத்தோடு ஊர் விட்டார். இதையும் மறைக்கக் கூடாது, நெருக்கியது ஒரு முஸ்லிம் ஆட்சி. அடைக்கலம் தந்ததும் முஸ்லிம் ஆட்சிதான். எகிப்தின் புஸ்தாத்தில் குடியேறி, சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலின் ஆதரவில் வைத்தியராக வாழ்ந்து 1204இல் காலமானார். அவருடைய தலாலத்துல் ஹாஇரீன், தடுமாறி நிற்பவர்களுக்கு வழி காட்டும் நூல், அறபு மொழியில் எழுதப்பட்டது. எழுத்தோ எபிரேய எழுத்து. தமிழை அறபு எழுத்தில் எழுதி அறபுத் தமிழ் என்று வளர்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் செய்ததைத்தான் வேறொரு திசையிலிருந்து இப்னு மைமூன் செய்தார். தாய்மொழியையும் வேதத்தின் எழுத்தையும் ஒரே பக்கத்தில் உட்கார வைக்கும் வேலை அது.

அவருடைய வாழ்வின் மிகப் பெரிய துக்கம் நமது கடலில் நடந்தது. குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவூத் வியாபாரத்துக்காக இந்தியாவை நோக்கிக் கப்பலேறி, 1170ஐ ஒட்டி இந்து சமுத்திரத்தில் மூழ்கினார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதமொன்றில், அச்செய்தி கேட்டு ஏறத்தாழ ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததையும், தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் மனம் புரள்வதையும் சொல்கிறார். தத்துவ நூலில் கண்ணீர் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. புஸ்தாத் யூத ஆலயத்தின் பழந்தாள் அறையில், கெனீஸாவில், இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அவற்றில் யூத வணிகரும் முஸ்லிம் மாலுமியும் ஒரே கப்பலில் போகிறார்கள். அதே நூற்றாண்டில் அல்இத்ரீஸி, சரந்தீபின் அரசனுக்கு 16 அமைச்சர்கள் என்றும் அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்றும் எழுதியிருக்கிறார். கேள்விப்பட்டதை எழுதியவர் அவர். எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை. அப்படியொரு சபையை நினைத்துப்பார்ப்பது அன்று சாத்தியமாக இருந்தது என்பதே எனக்குப் போதும்.

மலையாளக் கரையில் அதைச் செப்பேட்டிலேயே காணலாம். 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கூஃபி எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அங்கு பேசப்படும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் இன்றும் தக்கலையில் ஒரு முஸ்லிம் ஜமாஅத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் நாவலொன்றின் தலைப்பிலும் அது இருக்கிறது. கொச்சியில் நெஹெமியா மோத்தா என்ற எபிரேயக் கவிஞர் 1615இல் மறைந்தார். மட்டாஞ்சேரியில் அவருடைய கபுறுக்கு யூதர் மட்டுமன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நேர்ச்சை வைத்து விளக்கேற்றி வந்திருக்கிறார்கள். வண்ணப்பரிமளப் புலவரின் காலத்தை ஒட்டியவர் இவர். ஆனால் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. கொடுங்ஙல்லூரில் 1524இல் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கிய செய்தியை ஸைனுத்தீன் மக்தூம் தமது துஹ்ஃபதுல் முஜாஹிதீனில் பதிந்திருக்கிறார். ஆயிர மசலா அரங்கேறுவதற்கு ஏறத்தாழ ஐம்பது வருடங்களுக்கு முன்னர் நடந்தது அது. அந்தக் கரைக்கு மறுபுறத்தில் ஒரு முஸ்லிம் புலவர் யூத அறிஞரைக் கண்ணியத்தோடு சபையில் நிறுத்தினார் என்பதை அத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஆயிர மசலாவுக்கு 1984இல் சென்னையில் ஒரு பதிப்பு வந்தது. இன்றைய வாசகருக்கு வேண்டியது உரையோடு கூடிய பதிப்பு. எந்த விடை குர்ஆனிலிருந்து, எது ஹதீஸிலிருந்து, எது யூத மரபிலிருந்து வந்த கதை என்று பிரித்துக் காட்டும் குறிப்புகள் வேண்டும். இஸ்ராயீலிய்யாத் என்று பயப்படுகிறவர்களின் பயம் அதனால் தெளியும். ஒளித்து வைப்பதனால் தெளியாது. முன்னுரையில் இபுனு சலாமின் ஈத்த மரத்துக்கும் மாமிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

அதே மதீனாவில் முஹைரீக் என்று இன்னொரு ரப்பி இருந்தார். செல்வந்தர், ஈத்தந்தோட்டங்களின் சொந்தக்காரர். உஹத் நாளன்று, இன்று சப்பாத் அல்லவா என்று தன் மக்கள் சாட்டுச் சொன்னபோது, உங்களுக்குச் சப்பாத் இல்லை என்று வாளை எடுத்துக்கொண்டு நபியவர்களோடு போரிடப் போனார். தான் விழுந்தால் சொத்தெல்லாம் முஹம்மதுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார், விழுந்தார். யூதர்களில் சிறந்தவர் என்று நபியவர்கள் அவரைக் குறிப்பிட்டதாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அவர் கலிமாச் சொன்னாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இபுனு சலாமைப் பாடிய மரபு இவரைப் பாடியதாக நானறிந்தவரை இல்லை. கலிமாவில் கதையை முடித்துப் பழகிய புலவனுக்கு, முடிவு தெரியாத ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று புரிந்திருக்காது. இன்று எழுதுகிறவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவேண்டியதில்லை. ஏழு தோட்டங்களும் ஒரு வாளும் ஒரு சனிக்கிழமைக் காலையும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.